காத்திருப்புப் பட்டியலில் ஆறாவது பெயர்

கார்ஸ்டன் ஓஸ்ட்பி அந்தச் சிறு விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்து, அந்த ஏப்ரலோடு நான்கு ஆண்டுகளும் ஏழு மாதங்களும் நிறைந்திருந்தன. அதற்கு முன் கிராண்ட் ஃபோர்க்ஸில் மூன்று ஆண்டுகள் மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்து, ஒரு கோடை முழுவதும் கடற்கரைகளுக்கு மேலே விளம்பரத் துணியை இழுத்துப் பறந்து, சட்டம் கேட்கும் ஆயிரத்து ஐந்நூறு மணி நேரத்தைச் சேர்த்தவன். சேர்ந்த முதல் ஆண்டு முழுக்க ரிசர்வ். நிலையான அட்டவணை எதுவும் கிடையாது; தொலைபேசி அழைத்தால் போய்ப் பறக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் அட்டவணை கிடைத்தது. நான்காம் ஆண்டில் சிக்காகோ தளம் சுருங்கியபோது பணிமூப்பில் அவனுக்குக் கீழே இருந்தவர்களில் பலர் வேறு ஊர்களுக்குப் போனார்கள். பட்டியலின் அடிப்பகுதிக்குத் தள்ளப்பட்ட அவன் மீண்டும் ரிசர்வுக்கு வந்தான். ஆனாலும் அந்த மே மாதம் பதின்மூன்றாம் தேதி கேப்டன் பதவிக்கான பயிற்சி வகுப்பில் அவனுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தக் கடிதத்தை மாரிட் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள்.

மாரிட் அவன் மனைவி. வீடு டுலூத்தில், சுப்பீரியர் ஏரியைப் பார்த்த மேட்டுத் தெருவில். வேலை சிக்காகோவில். இடையில் வானத்தில் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கடக்க அவனுக்குப் பயணச்சீட்டு கிடையாது. காலியிடம் இருந்தால் இருக்கை, இல்லையென்றால் விமானி அறையில் இருக்கும் மடக்கு இருக்கை. அந்த மடக்கு இருக்கையை உரிமையாகக் கேட்கும் வழக்கம் விமானிகளிடையே இல்லை. விமானத்தின் வாசலில் நின்று, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கேப்டனிடம் நேரில் அனுமதி வாங்க வேண்டும். கார்ஸ்டன் இதைத் தவறாமல் செய்பவன். பணிப்பெண்களுக்குச் சாக்லேட் பை ஒன்று எப்போதும் கொண்டுபோவான். "அந்த டுலூத் பையன் மரியாதை தெரிஞ்சவன்" என்று பெயர் எடுத்திருந்தான்.

சிக்காகோவில் பன்னிரண்டு விமானிகள் பகிர்ந்துகொள்ளும் வாடகை வீட்டில் அவனுக்கு ஒரு மேல்கட்டில் இருந்தது. கீழ்க்கட்டில் யோலண்டா ப்ரூசார்டுடையது. லூசியானாவின் லஃபாயெட்டைச் சேர்ந்தவள். அவனுக்கு எட்டு மாதம் பின்னால் சேர்ந்தவள். அந்த வீட்டில் யார் சமைத்தாலும் ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல மிளகாய்க்குத் தடை போட்டிருக்காங்களா?" என்று கேட்பது அவள் பழக்கம்.

ரிசர்வில் இரண்டு வகை உண்டு. நீண்ட அழைப்பு என்றால் பன்னிரண்டு மணி நேர அவகாசம், வீட்டிலேயே இருக்கலாம். குறுகிய அழைப்பு என்றால் இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் சீருடையோடு நிற்க வேண்டும்; அதாவது சிக்காகோவில் இருந்தாக வேண்டும். இந்த இரண்டாவது வகையில்தான் ரிசர்வ்காரர்கள் ஒரு சூதாட்டத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். காத்திருப்போர் பட்டியல் கைபேசியிலேயே தெரியும். நமக்கு முன்னால் எத்தனை பேர், ஆள் தேவைப்படும் விமானங்கள் எத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் ஐந்து பேர் இருந்து, தேவை ஒன்றோ இரண்டோ என்றால், சிக்காகோவுக்கே போகாமல் வீட்டில் இருந்துவிடலாம். எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் கார்ஸ்டன் இப்படிப் பதினொரு நாள் வீட்டில் இருந்திருந்தான். பதினொரு நாளும் தொலைபேசி ஒலிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மாரிட்டிடம், "நீண்ட அழைப்புதான், கவலையில்ல" என்று சொன்னான். அவளுக்குப் பட்டியல் பார்க்கத் தெரியாது.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவனுக்குக் குறுகிய அழைப்பு. காலை பத்து மணி முதல். அதற்கு அவன் ஆறு மணி விமானத்தில் சிக்காகோ போயிருக்க வேண்டும். போகவில்லை. ஸ்மெல்ட் மீன் கரைக்கு வரும் வாரம் அது. ஆண்டுக்கு ஒரு முறை விரல் நீள வெள்ளி மீன்கள் ஏரியின் ஓரத்துக்குக் கூட்டமாக வரும். ஊரே இடுப்பளவு குளிர்நீரில் வலையோடு இறங்கும். முந்தின இரவு அவன் பார்க் பாயிண்ட் கரையில் நின்று ஒரு வாளி நிறைய அள்ளிக்கொண்டு வந்தான். காலையில் அலாரம் அடித்தபோது கைபேசியைப் பார்த்தான். அவன் பெயர் ஆறாவது. ஆள் தேவைப்படும் விமானம் ஒன்றே ஒன்று. அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

பின்னாளில் தனக்குத்தானே காரணம் தேடியபோது இந்த இடத்தில்தான் அவன் மிகவும் கூசினான். யாருக்கும் உடம்புக்கு முடியாமல் இல்லை. வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை. தன் படுக்கை சூடாக இருந்தது, வாளியில் மீன் இருந்தது. அவ்வளவுதான்.

பதினொன்றரை மணிக்கு மத்திய மாநிலங்களில் ஆலங்கட்டி மழை இறங்கியது. விமானங்கள் ஆங்காங்கே சிக்கிக்கொண்டன. பட்டியலில் இருந்த முதல் ஐந்து பெயர்களும் ஒரு மணி நேரத்துக்குள் கரைந்தன. பன்னிரண்டு நாற்பதுக்கு, பின்கட்டில் கத்தரிக்கோலால் மீன் தலைகளை வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. பணி ஒதுக்கும் மேசையிலிருந்து க்வென். இருபது ஆண்டுகளாக அந்த நாற்காலியில் இருப்பவள். எல்லா விமானிகளின் குரலையும் அறிந்தவள்.

"கார்ஸ்டன், எழுதிக்கோப்பா. மூணு மணிக்குக் கிளம்பற டுலூத். ராத்திரி அங்கேயே தங்கல். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு சிக்காகோ, அப்புறம் இன்னும் ரெண்டு ஊரு. உனக்கு லாட்டரிதான், சொந்த ஊர்ல தூங்கலாம்."

விமானம் அவன் வீட்டுக்குத்தான் வருகிறது. ஓட்டி வர வேண்டியவன் ஏற்கெனவே வீட்டில் இருந்தான். விரல்களில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"க்வென்... எனக்கு உடம்பு சரியில்ல. காலைலேர்ந்து வயிறு. சொல்லணும்னுதான் இருந்தேன்."

"அச்சச்சோ. சரி, படு. நோய் விடுப்புன்னு போட்டுக்கறேன். தண்ணி நெறய குடி."

நாற்பது விநாடிகூட ஆகவில்லை. அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். விமானத்தைத் தவறவிட்டேன் என்று காலையிலேயே சொல்லியிருந்தால் கோப்பில் ஒரு வரி எழுதுவார்கள், திட்டுவார்கள், முடிந்துவிடும். ஆனால் மே பதின்மூன்றுக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. கை கழுவிவிட்டு மீதி மீனை வெட்டினான். மாரிட், "யாரு போன்ல?" என்று கேட்டாள். "சும்மா, க்வென்" என்றான்.

ஆறு மணி பத்து நிமிடத்துக்கு வாசல் மணி அடித்தது. கார்ஸ்டன் அடுப்பின் முன் நின்று, மாவில் புரட்டிய மீனை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தான். மாரிட் கதவைத் திறந்தாள். வாசலில் சீருடைக் கோட்டோடு யோலண்டா, கையில் காகிதப் பை.

"நீங்கதான் மாரிட்டா? நான் யோலண்டா, உங்க வீட்டுக்காரர் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில். நோயாளி எப்படி இருக்காரு? சூப் வாங்கிட்டு வந்தேன். உங்க ஊரு காட்டரிசி சூப்பாம். மோந்து பார்த்தேன், ஆஸ்பத்திரிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"நோயாளியா? யாருக்கு என்ன?" என்றாள் மாரிட்.

சமையலறையிலிருந்து எண்ணெய் பொரியும் சத்தம் இருவருக்கும் கேட்டது. கார்ஸ்டன் கரண்டியோடு வாசலை எட்டிப் பார்த்தான். முதலில் சிரித்தவள் யோலண்டா.

"பரவாயில்லயே, வயித்து வலிக்கு எண்ணெய்ல பொரிச்ச மீனா! இந்த வைத்தியம் எங்க ஊருக்குத் தெரியாம போச்சே."

"இப்ப... கொஞ்சம் தேவல" என்றான் அவன். மாரிட் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேசையில் இன்னொரு தட்டை வைத்தாள்.

யோலண்டாவுக்குச் சந்தேகம் எழவில்லை. அவன் நீண்ட அழைப்பில் இருந்தான், அதனால் வீட்டில் இருக்கிறான், வீட்டிலேயே உடம்பு சரியில்லாமல் போயிற்று என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்; அன்றைய பதற்றத்தில் பன்னிரண்டு மணி நேர அவகாசக் கணக்கு அவளுக்குத் தோன்றவில்லை. மீனுக்கு மேலே மிளகாய்ச் சாற்றைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள். இரண்டாவது மீனைத் தின்றபடியே சொன்னாள்:

"உன் மேல கோவம் இல்லப்பா, உடம்புன்னா யாரு என்ன பண்ண முடியும். ஆனா என் நேரத்தப் பாரு. எனக்கு இன்னியோட ரிசர்வ் முடியுது. நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு டல்லஸ்ல இன்டர்வியூ."

"எந்த இன்டர்வியூ?"

"பெரிய கம்பெனி. ரெண்டு வருஷமா விண்ணப்பம் போட்டுட்டு இருந்தேனே, அதுதான். வியாழக்கிழமை கூப்பிட்டாங்க. திருஷ்டி படும்னு அந்த வீட்ல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. ஒரு மணி வரைக்கும் எல்லாம் சரியா இருந்துச்சு. அப்புறம் க்வென் கூப்பிட்டு, ஆறாவது ஆளும் விழுந்துட்டாரு, நீதான் கடைசின்னா. ஆள் இல்லேன்னா விடுப்பு நாள்லயும் இழுக்கலாம்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கான்ல? நாளைக்கு சாயந்தரம் நாலு மணி வரைக்கும் என்னோட பறப்பு."

"தேதிய மாத்தச் சொல்ல முடியாதா?" என்று கேட்டாள் மாரிட்.

"கேட்டேன். மறுபடியும் வரிசைல நில்லுன்னாங்க. ஆறு மாசமோ, வருஷமோ."

"நீயும் உடம்பு சரியில்லேன்னு சொல்லியிருக்கலாமே" என்றான் கார்ஸ்டன். இந்த வாக்கியம் தன் வாயிலிருந்துதான் வந்தது என்பதை அவனால் பிறகு நம்ப முடியவில்லை.

"வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அங்க உக்காந்து, நோய் விடுப்பு எத்தன நாள் எடுத்தேன்னு கேப்பாங்க. நேத்து எடுத்தேன், உங்களப் பாக்க வர்றதுக்குன்னு சொல்றதா? அதுவும் இல்லாம..." அவள் மீன் முள்ளைத் தட்டோரம் வைத்தாள். "பொய் சொன்னா எனக்குக் கழுத்தெல்லாம் செவந்துடும். எங்கம்மா கண்டுபிடிச்சிடுவாங்க."

அப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு இருபத்தைந்து. கார்ஸ்டனின் மூளை, அவன் கேட்காமலேயே, தொழிற்பழக்கத்தால் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. காலை ஆறு மணி விமானத்துக்கு ஐந்தே காலுக்கு ஆஜராக வேண்டும். விமானிக்குப் பத்து மணி நேர ஓய்வு கட்டாயம். அப்படியானால் இரவு ஏழே காலுக்குள் ஒருவன் க்வெனிடம், "எனக்கு உடம்பு சரியாகிவிட்டது, டுலூத் விமானத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் போதும். யோலண்டா பயணியாக உட்கார்ந்து ஏழரைக்குச் சிக்காகோ, எட்டரைக்கு டல்லஸ் விமானம், பதினொன்றேகாலுக்குத் தரை. இன்டர்வியூவுக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் மிச்சம். இதைச் செய்யக்கூடியவன் அந்த ஊரில் ஒரே ஒருவன்தான். ஆனால் க்வென் முதலில் கேட்கப்போகும் கேள்வி, "நீ எப்படி டுலூத்தில் இருக்கிறாய்?" என்பது. உடம்பு சரியில்லை என்று சொன்னவனை எந்த விமானத்தின் மடக்கு இருக்கையிலும் ஏற்றமாட்டார்கள். மத்தியானத்துக்குப் பிறகு வந்தேன் என்று சொல்லவும் வழியில்லை.

இதைத் தெரிந்துகொண்டு அவன் இருபத்தைந்து நிமிடம் மேசையில் உட்கார்ந்திருந்தான். மீன் தட்டை நகர்த்தினான். எலுமிச்சை வேண்டுமா என்று கேட்டான். மே பதின்மூன்று வகுப்பைப் பற்றி யோலண்டா கேட்டபோது, "ஆமா, வருது" என்றான். குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருந்த கடிதத்தை அவள் உரக்க வாசித்து, "கேப்டன் ஓஸ்ட்பி! இனிமே உங்க முன்னாடி கால் மேல கால் போடக்கூடாது" என்று எழுந்து நின்று சல்யூட் அடித்தாள். அவனும் சிரித்தான். மாரிட் சிரிக்கவில்லை.

ஆறு ஐம்பதுக்கு யோலண்டா எழுந்தாள். காலையில் சீக்கிரம் எழ வேண்டும், டாக்ஸி வந்துவிட்டது என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு மாரிட்டைத் தழுவினாள். "நல்ல மீன். உப்பு இருந்துச்சு, இந்த ஊருக்கு அதுவே பெருசு." வாசல்படியில் திரும்பி அவனிடம், "நீ மருந்து சாப்பிட்டுத் தூங்குப்பா. என்னப் பத்தி நினைச்சு நோகாத" என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"யோலண்டா, நான் நீண்ட அழைப்புல இல்ல."

"என்ன?"

"குறுகிய அழைப்பு. காலைல பத்துலேர்ந்து. நான் சிக்காகோவுக்கே வரல. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நேத்து ராத்திரி மீன் பிடிக்கப் போனேன்."

யோலண்டா தெருவில் நின்ற டாக்ஸியைப் பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். அவளும் விமானிதான், அவன் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்து போட்ட கணக்கை வாசலிலேயே நின்று போட்டு முடித்தாள்.

"ஏழே கால்" என்றாள். "இத எப்பலேர்ந்து யோசிச்சிட்டு இருக்க?"

"ஆறே கால்... ஆறு இருபத்தஞ்சுலேர்ந்து."

"எனக்கு எலுமிச்சம்பழம் குடுத்தியே, அப்பவா?"

"ஆமா."

"சரி, போன எடு. திட்டறத அப்புறம் திட்டிக்கறேன், இப்ப நேரம் இல்ல."

அவர்கள் இருவரும் கேட்கவே அவன் பேசினான். அழைப்பை எடுத்தவள் க்வென்தான்.

"நாளைக்குக் காலை டுலூத் விமானத்த நான் எடுத்துக்கறேன், க்வென். யோலண்டாவ விட்டுடு. இப்பவே என்ன ஓய்வுல போட்டா அஞ்சே காலுக்கு சட்டப்படி சரியா வரும்."

"உடம்பு?"

"நல்லா இருக்கு."

"நீ இப்ப எங்க இருக்க?"

"டுலூத்ல."

விசைப்பலகைச் சத்தம் நின்றது. "மத்தியானம் நான் கூப்பிட்டப்போ?"

"அப்பவும் இங்கதான்."

"கார்ஸ்டன், இந்த லைன்ல பேசறதெல்லாம் பதிவாகுது. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றியா? நான் இன்னும் கேக்கவே இல்லேன்னு வெச்சுக்கோ. இன்னொரு தடவ பதில் சொல்லு."

அந்தப் பெண்மணி அவனுக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்திருந்தாள். ஏதாவது சொல்லலாம், மத்தியானம் சிக்காகோவில்தான் இருந்தேன் என்று சொன்னால் அவள் மேற்கொண்டு துருவப் போவதில்லை. யோலண்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானமும் டுலூத்லதான் இருந்தேன்" என்றான் அவன்.

"சரி. நான் இத எழுதியாகணும்ப்பா." மீண்டும் விசைச் சத்தம். "ஏழு மணி நாலு நிமிஷம். ஓய்வு ஆரம்பிச்சாச்சு. அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசறேன்."

யோலண்டா டாக்ஸியில் ஏறுமுன் திட்டவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. "மத்தியானம் ஒரு மணிலேர்ந்து அழுதிட்டு இருந்தேன்டா. டுலூத் வர்ற வரைக்கும். கேப்டனுக்குத் தெரியக்கூடாதுன்னு ஜன்னல் பக்கமா திரும்பி உக்காந்து" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே வந்தபோது மாரிட் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"குளிர்காலம் பூரா நீண்ட அழைப்புன்னு சொன்னியே" என்றாள். "அதுல எத்தன நாள்?"

"பதினொண்ணு."

"நான் அந்த நாள்லலாம் சந்தோஷமா இருந்தேன், கார்ஸ்டன்." அவள் குரலை உயர்த்தவில்லை. யோலண்டா கொண்டுவந்த சூப் பிரிக்கப்படாமல் மேசையிலேயே இருந்தது. அதை எடுத்து உள்ளே வைப்பதா, கொட்டுவதா என்று தெரியாமல் இருவரும் அதைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

மறுநாள் காலை விமானம் ஆறு மணிக்குச் சரியாகக் கிளம்பியது. யோலண்டா பயணியாகப் பின்னால் இருந்தாள். சிக்காகோவில் இறங்கும்போது விமானி அறையின் வாசலைக் கடந்து ஓடினாள். கேப்டனுக்கு ஒரு தலையசைப்பு, கார்ஸ்டன் பக்கம் பார்வை இல்லை. அவன் மீதி இரண்டு பறப்புகளையும் முடித்து நான்கு மணிக்கு இறங்கினான். தலைமை விமானியின் அறையில் அவனுக்காகத் தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர் காத்திருந்தார். விசாரணை இருபது நிமிடம் நடந்தது. மே பதின்மூன்று வகுப்பிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. ஓராண்டுக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம். கோப்பில் கடிதம். தலைமை விமானி இறுதியில் சொன்னது இவ்வளவுதான்: "வேலய விட்டு அனுப்பல. நீயா போன் பண்ணின, அதனால."

ஜூன் மாதம் யோலண்டாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "வேலை கிடைச்சுது. உனக்குத் தெரியணும்னு சொல்றேன். நன்றின்னு எடுத்துக்காத." அவள் கீழ்க்கட்டிலைக் காலி செய்தபோது அவன் பறப்பில் இருந்தான். அவள் அப்படி நேரம் பார்த்துத்தான் காலி செய்தாள் என்று வீட்டில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

ஆனால் கதைகள் கேட்டவர் வாயில் வேறு வடிவம் எடுக்கும். க்வென் யாரிடமோ சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, ஆகஸ்டுக்குள் அது நிறுவனம் முழுக்கப் பரவியிருந்தது. ஆனால் மீன் வாளியும் பன்னிரண்டு நாற்பது அழைப்பும் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. டுலூத் பையன் ஒருவன், கூட இருந்த பெண்ணின் இன்டர்வியூவுக்காகத் தன் கேப்டன் பதவியையே விட்டுக்கொடுத்தான் என்பதே மிஞ்சியது. வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் கேட்கும்போது, முன்பின் தெரியாத கேப்டன்கள்கூட, "நீதானா அது? உக்காருப்பா, உனக்கில்லாத எடமா?" என்றார்கள். முதல் இரண்டு முறை அவன் மறுத்துச் சொன்னான். "அடக்கத்தப் பாரு" என்று தோளில் தட்டினார்கள்.

செப்டம்பரில் ஒரு நாள் அவன் பார்னெட் என்ற மூத்த கேப்டனோடு பறந்தான். ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்த மனிதர். மேகத்துக்கு மேலே ஏறி, இயந்திரங்களின் சத்தம் சமன்பட்டதும், அவர் காபிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் முப்பத்தஞ்சு வருஷம் பறந்திருக்கேன் தம்பி. இன்னொருத்தருக்காகத் தன் எடத்த விட்டவன ஒருத்தன்கூட பார்த்ததில்ல. எம் பேரன்கிட்ட உன் கதயச் சொல்லியிருக்கேன்."

"சார், அது அப்படி இல்ல. அன்னிக்கு நான்தான் மொதல்ல..."

அந்நேரம் மினியாபொலிஸ் கட்டுப்பாட்டு நிலையம் அவர்களின் விமான எண்ணை அழைத்து அலைவரிசையை மாற்றச் சொன்னது. கார்ஸ்டன் எண்ணைத் திருப்பிச் சொன்னான், புதிய அலைவரிசையை வைத்தான், அங்கே தன் உயரத்தை அறிவித்தான். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்தான். பார்னெட் இன்னும் அவன் பக்கம் திரும்பிப் புன்னகையோடு காத்திருந்தார்.

"என்னவோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றான் கார்ஸ்டன். கழுத்துப்பட்டைக்குள் சூடு ஏறியது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.